பூபதியோட தோல் சாத்தூருக்குப் போயிருச்சு

முதல்ல எல்லாரும் சொறியிறத நிறுத்துங்கடா. ஒருத்தன் சொறிஞ்சாப் போதும், கொட்டாவி மாதிரி வரிசையா எல்லாரும் ஆரம்பிச்சிர்றீங்க. டேய் மணிமாறா, அக்குள்ல ஸ்ப்ரே அடிச்சிட்டு வந்தா குளிச்ச கணக்காயிருமாடா? தள்ளி உக்காரு. இவன் ஒருத்தன், மூஞ்சியில எலுமிச்சம்பழத்தத் தேச்சிட்டு வந்து நிக்கிறான், யாரோ ஊறுகா போடப்போற மாதிரி. உங்களுக்காகத்தாண்டா இந்தக் கதை. கேட்டுட்டு அப்புறம் சொறிங்க.

விஷயம் இதான். நம்ம பூபதியோட தோல் ஒரு செவ்வாக்கிழமை காலையில கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சு.

பூபதி எந்திரிச்சுப் பாத்தான். பாய்ல அவன் மட்டும் கெடந்தான், உரிச்ச வேர்க்கடலை மாதிரி, வழுவழுன்னு, லேசா ரோஸ் கலர்ல. கொடியில தொங்குன பழைய காட்டன் பனியன் ஒண்ணக் காணோம். வாசல்ல செருப்பு அப்பிடியே இருந்துச்சு. சரி, வெறுங்காலோட போயிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டான். அவன் முதல்ல யோசிச்சது, பஸ்ஸுக்குச் சில்லறை இருந்திருக்குமான்னுதான்.

மதுரையில ஒரு ரூம்ல நாங்க ரெண்டு பேரும் தங்கியிருந்தோம். அவன் துணிக்கடை ஷோரூம்ல சட்டை செக்‌ஷன். நான் பாலிடெக்னிக்ல மூணாவது செமஸ்டரோட காலேஜ விட்டு மரியாதையா பிரிஞ்சுட்ட ஆளு. அன்னிக்கி நான் தூங்கிட்டிருந்தேன். வழக்கமா அப்பிடித்தான்.

தோலுக்கு அம்மா வீடு எதுன்னு மணிமாறன் கேக்கப்போறான், அதுக்குள்ள சொல்லிர்றேன். பூபதிக்குத் தோலக் குடுத்தது யாரு? அவங்க அம்மா இந்திராணி. அவங்க இருக்குறது சாத்தூர். அப்ப தோலோட அம்மா வீடு சாத்தூர்தான. இதுல யோசிக்க என்ன இருக்கு?

போன் போட்டான். "அம்மா, தோல் அங்க வந்துச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் நின்னுச்சு. "வந்திருக்கு மாப்பிள்ளை," அப்பிடின்னாங்க.

பொறந்ததுலருந்து அவன "எரும"ன்னு கூப்புட்ட அம்மா. இப்ப மாப்பிள்ளைங்கிறாங்க. பூபதி மெதுவா சேர்ல உக்காந்தான். தோலில்லாம பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா எப்பிடி ஒட்டும்னு அப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சுச்சு.

"எதா இருந்தாலும் பெரியவங்களக் கூட்டிட்டு வந்து பேசச் சொல்லுங்க," ன்னு சொல்லி வெச்சுட்டாங்க. அவன்கிட்டதான் பேசுறாங்க, ஆனா 'சொல்லுங்க'ங்கிறாங்க. கோவிச்சுக்கிட்டு வந்த புள்ளைய வெச்சிருக்கிற வீட்டுல அதான முறை. மாப்பிள்ளைகிட்ட நேரா பேசக் கூடாது.

பழைய வேட்டியச் சுத்திக்கிட்டு வேலைக்குக் கெளம்புனான். டீக்கடை அண்ணே பாத்துட்டு, "என்ன பூபதி, தோல் ஊருக்குப் போயிருக்கா?"ன்னாரு.

"ஆமாண்ணே."

"சும்மா போயிருக்கா, கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கிட்டுதான்."

"வெயிலுக்கு என்ன பண்ற?"

"நெழல்ல நடந்துக்கிறேண்ணே."

"ஆம்பளப் புள்ள, தனியா கஷ்டந்தான்," ன்னு டீய ஆத்தோ ஆத்துன்னு ஆத்தி, கிளாஸத் துணியில சுத்திக் குடுத்தாரு. அவருக்கு அனுபவம் இருக்கு.

ஷோரூம்ல விரல் வெக்கிற மெஷின் பூபதிய ஏத்துக்கல. ரேகை எல்லாம் சாத்தூர்ல இருக்கே. மேனேஜரு, "கஸ்டமர் முன்னாடி இப்பிடி நிக்காத, குடோனுக்குப் போ," ன்னாரு. பூபதி குடோன்ல உக்காந்து சட்டைக்கெல்லாம் குண்டூசி குத்துனான். அது அவனுக்குப் பெரிய வருத்தமில்ல. வருத்தம் வேற.

ஆவணியில அவனுக்குக் கல்யாணம். பொண்ணு அருப்புக்கோட்டை, பேரு பொன்னரசி. நிச்சயத்தன்னிக்கி அந்தப் புள்ள இவன் விரல்ல மோதிரம் போட்டுச்சு. போட்ட ஒடனே இவன் விரல் சிவந்துச்சு. அப்பிடியே கை சிவந்துச்சு. கை சிவந்து, கழுத்து சிவந்து, காது வரைக்கும் செவசெவன்னு ஆயிருச்சு. பொன்னரசி அதப் பாத்துட்டு ஒரே ஒரு தடவ சிரிச்சுச்சு. அன்னிக்கி ராத்திரியே மெசேஜ் அனுப்புச்சு: 'நான் தொட்டதுக்கே இப்படி சிவக்கிற கைய விட மாட்டேன்.' பூபதி அந்த மெசேஜப் பாக்காத நாளே கெடையாது. பாத்ரூம்லயும் பாப்பான்.

இப்ப அந்தக் கை இல்ல. கை இருக்கு, சிவக்கிற பகுதி இல்ல.

விஷயம் எப்பிடியோ அருப்புக்கோட்டைக்குப் போயிருச்சு. பொன்னரசியோட அப்பா வைரவன் போன் போட்டாரு. நல்ல மனுஷன், சத்தமே போடல. "தம்பி, நாங்க தோலோட சேத்துத்தான பேசி முடிச்சோம். மண்டபத்துல நாலு பேரு வருவாங்க. தோலோட வந்தா முகூர்த்தம். இல்லாட்டி வேற மாதிரி யோசிக்கணும்."

"கூட்டிட்டு வந்துர்றேன் மாமா," ன்னான் பூபதி.

கூட்டிட்டு வரணும்னா முறையாப் போகணும். தட்டு வேணும், பெரியவங்க வேணும். பெரியவங்களுக்குத் தாய்மாமா சௌந்தரபாண்டியப் புடிச்சோம். இன்னொரு பெரியவரு கெடைக்கல, அதனால நான் போனேன். சௌந்தரபாண்டி மாமா தட்டு வெக்கிறதுல கெட்டிக்காரரு. ஒரு கொறையும் வெக்கல. வாழப்பழம், வெத்தல பாக்கு, மல்லிகப்பூ, ஒரு கிண்ணம் அரச்ச சந்தனம், குங்குமம், வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. சாத்தூர்ல எறங்குற வரைக்கும் பஸ் முழுக்க வாசன.

வாசல்ல இந்திராணியம்மா முந்தானைய இழுத்துப் போட்டுக்கிட்டு, "வாங்க மாப்பிள்ளை, வாங்கண்ணே, வாங்க தம்பி," ன்னு கூப்புட்டாங்க. பூபதியோட அப்பா சங்கரலிங்கம் சேவுக்கடை வெச்சிருக்காரு. பூபதியப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கி விட்டாரு. நல்ல சேர அவனுக்குப் போட்டுட்டு அவரு ஸ்டூல்ல உக்காந்தாரு. சின்ன வயசுல அந்தச் சேர்ல உக்காந்ததுக்கு அவருகிட்ட அடி வாங்குனவன் பூபதி. இப்ப நுனியில உக்காந்தான்.

தோல் உள் ரூம்ல கட்டில்ல படுத்திருந்துச்சு. அடியில பழைய வாயில் சேலை, மேல ஃபேன், பக்கத்துல வெட்டி வெச்ச வெள்ளரிக்கா. நல்லாத் தேறியிருந்துச்சு. கன்னத்துல இருந்த கொப்புளமெல்லாம் அமுங்கி, குழந்தையில இருந்த மாதிரி இருந்துச்சு. பூபதி கட்டில் பக்கத்துல போயி நின்னு பாத்தான். பாவி, நம்மகிட்ட இருந்தப்ப ஒரு நாள் இப்பிடிப் படுத்திருக்கியான்னு நெனச்சான்.

"உங்க மாப்பிள்ள என் தோலப் படுத்துன பாட்டக் கேளுங்கண்ணே," ன்னு இந்திராணியம்மா ஆரம்பிச்சாங்க. "என் வயித்துல வளத்து, நல்லெண்ண தேச்சு, பூ மாதிரி குடுத்துவிட்டேன். வந்த அன்னிக்கிக் கழுத்தப் பாக்கணுமே! தணல் மாதிரி. ஒரு வார்த்த சொல்லல. பாய்ல கூட படுக்கல. தரையில சுருண்டுக்கிச்சு."

சௌந்தரபாண்டி மாமா எங்க பக்கத்து ஆளாத்தான் வந்தாரு. கட்டில் கிட்ட போனதும் கட்சி மாறிட்டாரு. தோலுக்கும் அவருதான தாய்மாமா. "என்ன மாப்ள இது? கேக்க நாதியில்லன்னு நெனச்சியா?"ன்னு பூபதியப் பாத்து வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு.

"மாமா, நீங்க நம்ம பக்கம்," ன்னேன் நான்.

"நீ சும்மா இருடா. நான் ரெண்டு பக்கமும்."

பூபதி எந்திரிச்சு, தட்ட எடுத்துக் கட்டில் மேல வெச்சான். "மாமா, மரியாதைய செஞ்சிருங்க," ன்னான். சௌந்தரபாண்டி மாமா பன்னீர்ச் செம்ப எடுத்துத் தோல் மேல மூணு தெளி தெளிச்சாரு. நெத்தியில சந்தனம் வெச்சு, நடுவுல குங்குமத்தயும் வெச்சாரு.

அம்புட்டுதான். பன்னீர் பட்ட எடமெல்லாம் தடிப்புத் தடிப்பா எந்திரிச்சுச்சு. குங்குமம் வெச்ச எடம் வட்டமா வீங்குச்சு. தோல் கட்டில்ல இருந்து எறங்கி, நேரா அடுக்களைக்குப் போயி, அரிசி களஞ்ச தண்ணி வெச்சிருந்த சட்டிக்குள்ள எறங்கிக்கிச்சு. வெளிய வரவேயில்ல.

"மரியாத பண்ண வந்தீங்களா, பழி வாங்க வந்தீங்களா?"ன்னு இந்திராணியம்மா எங்களக் காப்பி கூடக் குடுக்காம அனுப்பிட்டாங்க. சங்கரலிங்கம் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் சேவு குடுத்தாரு. "தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை," ன்னு பூபதி கையப் புடிச்சாரு. தோலில்லாத கை எரிஞ்சதுல பூபதிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாசத்துல வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு அவரும் அழுதாரு.

ரூமுக்கு வந்து பூபதி ரொம்ப நேரம் பாத்ரூம் அலமாரியப் பாத்துட்டே இருந்தான். நிச்சயம் முடிஞ்சதுலருந்து அவன் சேத்த சாமான் அம்புட்டும் அங்க இருந்துச்சு. மாப்பிள்ள களை வரணும்ல. வெள்ளையாக்குற கிரீம், அத வேகமா வெள்ளையாக்குற இன்னொரு கிரீம், மொகத்துக்கு நொரை, நொரை போனதுக்கப்புறம் தடவ ஒரு தண்ணி. போன்ல யாரோ சொன்னாங்கன்னு காப்பித்தூளும் சக்கரையும் கலந்த ஒரு டப்பா. பருவுக்கு டூத்பேஸ்டு. பீர்க்கங்கா நார். கால் தேய்க்கிற கல்லு, அத அவன் கழுத்துக்கும் போட்டான். இதெல்லாம் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நியில குளிச்சிட்டு, மேல ஒரு ஸ்ப்ரே. அதுக்கு மேல ஷோரூம்ல இருந்து வந்த, தண்ணியே படாத புதுச்சட்டை.

"எல்லாத்தயும் நல்லதுக்குத்தாண்டா பண்ணேன்," ன்னான் எங்கிட்ட.

"தெரியும் மாப்ள," ன்னேன்.

"அந்தப் புள்ளைக்காகத்தாண்டா பண்ணேன்."

நான் சேவு தின்னுட்டிருந்தேன்.

சாத்தூர்ல டாக்டர் அமுதவல்லின்னு ஒரு அம்மா. தோல் டாக்டரு. கோவிச்சுக்கிட்டு வந்த தோலுங்க கேஸெல்லாம் அவங்கதான் பேசித் தீத்து வெப்பாங்க. அவங்க கிளினிக்ல பெஞ்சில ஒரு பக்கம் தோலுங்க உக்காந்திருக்கும், எதுத்த பெஞ்சில ஆளுங்க உக்காந்திருப்பாங்க, ஒருத்தர ஒருத்தர் பாக்க மாட்டாங்க. நாங்க அங்க போயி நடந்ததச் சொன்னோம். டாக்டரம்மா எல்லாத்தயும் கேட்டுட்டு, "அலமாரியில இருக்கிற அத்தனையையும் ஒரு வாளியில போட்டு எடுத்துட்டு வாங்க. தட்டு வேண்டாம்," ன்னாங்க.

வாளியோட மறுபடியும் சாத்தூர் வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவ டாக்டரம்மா முன்னாடி நடந்தாங்க, நாங்க பின்னாடி. தோலக் கட்டில்ல உக்கார வெச்சு, வாளியில இருந்து ஒவ்வொரு சாமானா எடுத்து அது முன்னாடி நீட்டுனாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல திருடன அடையாளம் காட்டச் சொல்ற மாதிரிதான்.

வெள்ளையாக்குற கிரீம். தோல் சிவந்துச்சு.

வேகமா வெள்ளையாக்குற கிரீம். வேகமா சிவந்துச்சு.

ஸ்ப்ரேயப் பாத்ததும் கழுத்துப் பகுதி மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. பீர்க்கங்கா நாருக்குச் சுருண்டுச்சு. புதுச்சட்டைக்குக் காலர் படுற எடத்துல கோடு கோடா வந்துச்சு. ஒரு சொம்பு வெந்நி கொண்டாரச் சொன்னாங்க, ஆவி பட்டதுக்கே ஒடம்பெல்லாம் திட்டு.

"கத்திரிக்காயக் காட்டுங்க டாக்டர்," ன்னு சௌந்தரபாண்டி மாமா குறுக்க வந்தாரு. "கருவாட்டயும் காட்டுங்க. அரிப்புன்னாலே அதுதான். எங்கப்பாரு காலத்துலருந்து அதுதான்."

கத்திரிக்காயக் காட்டுனாங்க. தோல் சும்மா இருந்துச்சு. கருவாட்டக் காட்டுனாங்க. தோல் அத வாங்கித் தின்னுருச்சு. மாமா கத்திரிக்காய எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டாரு.

கடைசியா டாக்டரம்மா பூபதியோட விரல்ல இருந்த நிச்சய மோதிரத்தக் கழட்டச் சொன்னாங்க. வெள்ளத் தங்கம். வைரவன் மாமா ஆசையாப் போட்டது. தோலோட விரல் கிட்ட கொண்டு போனாங்க. விரல் சிவந்துச்சு. அப்பிடியே கை சிவந்து, கழுத்து சிவந்து, காது வரைக்கும் செவசெவன்னு ஆயிருச்சு. நிச்சயத்தன்னிக்கி எப்பிடியோ, அதே மாதிரி.

"இதுல நிக்கல் கலந்திருக்கு. செல தோலுக்கு அது ஆகாது," ன்னாங்க டாக்டரம்மா.

பூபதி அந்தச் செவப்பையே பாத்துட்டிருந்தான். அப்புறம் என் காதுல, "மாப்ள, இத அவகிட்ட சொல்லிராத," ன்னான். நான் சொல்லல. நீங்களும் அருப்புக்கோட்டைப் பக்கம் போனா வாயத் தொறக்காதீங்க.

"ஆக, எதால வந்துச்சு டாக்டர்?"ன்னு சங்கரலிங்கம் கேட்டாரு.

"ஒண்ணு ரெண்டுன்னா சொல்லலாம். இங்க ஊரே சேந்து அடிச்சிருக்கு. தோலுக்குன்னு ஒரு வேலி இருக்கு. இவரு தேச்சுத் தேச்சு வேலியப் பிச்சுட்டாரு. வேலி போன தோட்டத்துல எது வேணா உள்ள வரும். முன்னாடி ஆன பொருள்கூட இப்ப ஆகாது." அப்புறம் இந்திராணியம்மா பக்கம் திரும்புனாங்க. "இங்க வந்ததுலருந்து நீங்க என்ன போட்டீங்க?"

"நான் என்னத்தப் போட்டேன்? பச்சத்தண்ணியில அலசிவிட்டேன். பழைய சேலைய விரிச்சேன். மருந்துக்கடையில குடுத்தாங்கன்னு வாசன இல்லாத ஒரு களிம்பு, ஈரம் காயறதுக்குள்ள தடவுனேன். வேற ஒண்ணும் பண்ணல."

"அந்த ஒண்ணும் பண்ணாததுதான் பாதி வைத்தியம்," ன்னாங்க டாக்டரம்மா.

பூபதி கட்டில் முன்னாடி மண்டி போட்டான். "இனிமே சத்தியமா..."ன்னு ஆரம்பிச்சு, சூடத்த எடுத்துப் பத்த வெச்சான். தோல் மறுபடியும் அரிசித்தண்ணிச் சட்டியப் பாத்துச்சு. டாக்டரம்மா குனிஞ்சு சூடத்த ஊதி அணச்சாங்க. அதனால அவன் வெள்ளரிக்கா மேல அடிச்சு சத்தியம் பண்ணான். வெந்நி வேண்டாம், வெதுவெதுன்னு போதும், குளிச்சமா வந்தமான்னு இருப்பேன். நார் போட மாட்டேன். புதுத்துணிய அலசாமப் போட மாட்டேன். உச்சி வெயில்ல கொட இல்லாம போக மாட்டேன். புதுசா எது வந்தாலும் முதல்ல முழங்கையோட உள் பக்கம் துளி வெச்சுப் பாத்து, ரெண்டு மூணு நாள் பொறுத்துத்தான் மத்த எடத்துக்கு விடுவேன், அதுவும் ஒரு நேரத்துல ஒண்ணுதான்.

"நகம்?"ன்னு இந்திராணியம்மா நேரா அவன் மூஞ்சியப் பாத்தே கேட்டாங்க. முறையெல்லாம் மறந்து போச்சு.

"வெட்டிர்றேம்மா. சொறிய மாட்டேன். அரிச்சா ஈரத்துணி வெச்சுக்கிறேன்."

தோல் கொஞ்சம் யோசிச்சுச்சு. அப்புறம் கட்டில் ஓரத்துக்கு நகந்து வந்துச்சு. எல்லாரும் மூச்சு விட்டாங்க. சங்கரலிங்கம் சேவு எடுக்க எந்திரிச்சாரு. அப்ப டாக்டரம்மா, "முகூர்த்தம் எப்ப?"ன்னாங்க.

"வர்ற வெள்ளிக்கிழம."

"நலங்கு உண்டா?"

"உண்டு."

"மஞ்சள், சந்தனம், மால, ஓமப் புக, வீடியோ லைட்டு, மேக்கப்பு?"

ஒவ்வொண்ணுக்கும் தோல் ஒரு அடி பின்னாடி போச்சு. மேக்கப்புங்கும்போது செவுத்துல முட்டி நின்னுச்சு.

"வேலி இப்பத்தான் மொளச்சிருக்கு. கல்யாணத்துக்கு இது வராது," ன்னாங்க டாக்டரம்மா. "கல்யாணம் முடிஞ்சதும் வரும்."

பூபதிக்கு மொகம் செத்துப் போச்சு. வைரவன் மாமா தோலில்லாம முகூர்த்தமில்லன்னுட்டாரு. தோலு முகூர்த்தத்துக்கு வராதுங்குது. அவன் பாக்கெட்ல இருந்து போன எடுத்து அந்த மெசேஜப் பாத்தான். பாத்துட்டு மறுபடியும் உள்ள வெச்சான்.

அப்ப ரூம்ல இருந்த எல்லாரும் என்னையப் பாத்தாங்க.

என் தோலப் பத்தி நானே சொல்லக் கூடாது. எதுக்கும் அசையாது. ரூம்ல யாராச்சும் விட்டுட்டுப் போற சோப்புத் துண்டு, அது இல்லாட்டி பாத்திரம் வெளக்குற சோப்பு, எதுல வேணா குளிப்பேன், குளிச்சா. வெறுந்தரையில படுப்பேன். எங்கப்பா ஒரு தடவ மொத்தச் சொந்தக்காரங்க முன்னாடியும் ஒரு மணி நேரம் திட்டுனாரு, லேசாக்கூடச் சிவக்கல. டாக்டரம்மா என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்து, வாளியில இருந்த அம்புட்டயும் ஒரே நேரத்துல தேச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் ஆகல. "இது போதும்," ன்னாங்க.

கல்யாணத்தன்னிக்கி என் தோல பூபதிக்குப் போட்டுவிட்டோம். எனக்குக் கை நீளம், அதனால அவனுக்கு மணிக்கட்டுல மடிப்பு விழுந்துச்சு. மடிச்சு உள்ள விட்டு, மேல கங்கணத்தக் கட்டிட்டோம். கன்னத்துல இருந்த என் வெட்டுத்தழும்ப மேக்கப்காரரு மறச்சாரு. நலங்குக்கு ஊரே வந்து மஞ்சள அப்புச்சு, என் தோல் வாயத் தொறக்கல. என் மேல இருந்தப்ப ஒரு வேலைக்கும் அது அம்புட்டு நேரம் பொறுமையா உக்காந்ததில்ல. வைரவன் மாமா வந்து கன்னத்தத் தட்டிப் பாத்துட்டு, "நல்ல கெட்டித் தோலு," ன்னு சம்பந்திகிட்டச் சொன்னாரு.

நான் வெறும் ஆளா நிக்க முடியுமா? ஒரு நாளைக்குத்தானன்னு பூபதியோட தோல எனக்குப் போட்டுவிட்டாங்க. புக படாத எடமா பாத்து இருங்கன்னாங்க. நான் பந்தியில உக்காந்தேன். முதல் பந்தி.

மேடையில கையப் புடிக்கச் சொன்னாரு ஐயரு. பொன்னரசி கையப் புடிச்சுச்சு. புடிச்சுட்டுக் கீழ பாத்துச்சு. இதெல்லாம் பூபதி அப்புறமாச் சொன்னது.

"இது உங்க கை இல்லையே," ன்னுச்சாம்.

"ஃப்ரெண்டோடது," ன்னான் பூபதி.

"உங்களது எங்க?"

"பந்தியில இருக்கு."

பொன்னரசி பந்திப் பக்கம் ஒரு பார்வ பாத்துச்சு. "சாப்ட்டுட்டு வரச் சொல்லுங்க," ன்னு சொல்லிட்டுத் தாலிக்குத் தலையக் குனிஞ்சுச்சு.

மேளம் கொட்டுனாங்க. நான் ரெண்டாவது தடவ பாயசம் கேட்டேன்.

அதோட கதை முடிஞ்சிருக்கணும். ஆனா பாருங்க, சாப்ட்டு முடிச்சுக் கை கழுவுறேன், தோல் என் மேல அப்பிடியே பதமா உக்காந்திருக்கு. ஒரு அரிப்பில்ல, ஒரு தடிப்பில்ல. இருக்காதா பின்ன? நான் கிரீம் வாங்குற ஆளா? ஸ்ப்ரே அடிக்கிற ஆளா? புதுச்சட்டை எடுத்து எத்தன தீவாளி ஆச்சு? வெயில்ல போக எனக்கு ஒரு வேலையும் கெடையாது. டாக்டரம்மா சொன்ன அம்புட்டயும் நான் பொறந்ததுலருந்து கடப்புடிச்சிட்டு வர்றேன், யாரும் பாராட்டல, அம்புட்டுதான். மண்டபத்து வாசல்லருந்து அப்பிடியே பஸ் ஏறி ரூமுக்கு வந்து, ஃபேனப் போட்டுப் படுத்தேன். அந்தத் தோல் வாழ்க்கையில இம்புட்டு நிம்மதியாத் தூங்கியிருக்காது.

பூபதிக்குக் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. என் தோலோட கொடைக்கானல் போயிட்டு வந்தான். குளுருச்சான்னு கேட்டேன், தெரியலன்னான். ஆனா பொன்னரசி தெனமும் அந்தக் கையப் புடிச்சு, ஊதிப் பாத்து, தட்டிப் பாத்து, "எப்ப வரும்?"னு கேக்குதாம். பூபதி எனக்குக் காலையில ஒரு போனு, சாயங்காலம் ஒரு போனு. பாவமாத்தான் இருக்கு.

போன வாரம் ரூம் கதவத் தட்டுற சத்தம் கேட்டுத் தொறந்தேன். சங்கரலிங்கம் நின்னாரு. என்னையப் பாத்ததும் மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கி விட்டாரு. பின்னாடி இந்திராணியம்மா, முந்தானைய இழுத்துப் போட்டுக்கிட்டு, பெரிய கூட நெறைய வெள்ளரிக்காயோட. "தலதீவாளிக்கு நீங்களும் தோலுமா ரெண்டு பேரும் கண்டிப்பா சாத்தூருக்கு வந்துரணும் மாப்பிள்ளை," ன்னாங்க. எனக்கு ஒரு பழைய வேட்டி எடுத்து வெச்சிருக்காங்களாம், மூணு தடவ அலசுனது. பூபதியும் பொன்னரசியும் முன்னாடியே வந்து, வாசல்ல நின்னு எங்கள வரவேப்பாங்களாம்.

வர்றேன்னு சொல்லிட்டேன்.

என்னடா அப்பிடிப் பாக்குறீங்க? ஆமா, இந்தா உக்காந்திருக்கேனே, மேல போட்டிருக்கிறது அவனோடதுதான். அவன் கேட்டுட்டேதான் இருக்கான். நான்தான் குடுக்கல.